ஊர்வழி வராத டிவி

கேபிள் வயர் ஊர் வழியாகத்தான் காலனிக்கு வர வேண்டும். எந்தத் தெருவில் கம்பம், யார் வீட்டு மாடியில் பூஸ்டர், எந்த வேப்பமரத்தில் கட்டு என்பதையெல்லாம் ஊர்தான் முடிவு செய்யும். குடை டிவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தென்கிழக்கு வானத்தைப் பார்த்தபடி நான்கு போல்ட்டில் நின்றால் போதும்.

நமது விழுப்புரம் மாவட்டத்தில் எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும் தொகுப்பு வீட்டு மொட்டை மாடியிலும், ஓட்டுக் கூரையின் ஓரத்தில் நட்ட இரும்புக் குழாயிலும் இந்தக் குடைகளைப் பார்க்கலாம். "சோத்துக்கு வழி இல்லேன்னாலும் டிஷ் இருக்கு பாரு" என்று அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதிகாரிகளிலும் இருக்கிறார்கள், எழுதுகிறவர்களிலும் இருக்கிறார்கள். அந்தக் குடை எங்கள் கூரைக்கு ஏன் வந்தது என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

ஊருக்கு ஒரு டிவி இருந்த காலத்தை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊராட்சி டிவி அறை ஊருக்குள், பெரும்பாலும் கோயிலுக்கோ சாவடிக்கோ அருகில் இருக்கும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் கடைசியில், அதுவும் நின்றுகொண்டு. அறை இல்லாத ஊர்களில் பண்ணை வீட்டு ஜன்னல்தான். வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினால் படம் முடிந்தது. படிப்பிலும் பதவியிலும் உயர்ந்து இன்று ஓய்வுபெற்றிருக்கும் எங்கள் மூத்தவர்களில் பலர் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்து டிவி பார்த்தவர்கள்தான். கருவி ஒன்றுதான், அது எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதுதான் வித்தியாசம். பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுச் சுடுகாடு வரிசையில் பொது டிவியும் சேர்ந்துகொண்டது. 'பொது' என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் இருக்கும் பொருள் எங்களுக்குத் தெரியும்.

விண்ணிலிருந்து நேராக வீட்டுக்கு டிவி என்ற யோசனை மிகப் பழையது. 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற ஆங்கில இதழில் ஆர்தர் சி. கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றும். கீழே இருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும் என்பது அவர் கணக்கு. நம் வீட்டுக் குடையை ஒருமுறை திருகிவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லையே, அதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் இது முதலில் கிராமத்துக்குத்தான் வந்தது என்பது இன்று பலருக்கும் மறந்துபோன செய்தி. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குக் கடன் வாங்கி, ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களின் 2,400 கிராமங்களில் 'சைட்' என்ற சோதனையை இஸ்ரோ நடத்தியது. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வலைக் கம்பியில் செய்த 10 அடிக் குடை. அதன் கீழே ஒரு டிவி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம், மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம் என்று இரண்டரை மணி நேரம். கிளார்க் வாழ்ந்த கொழும்பு வீட்டிலும் இஸ்ரோ பொறியாளர்கள் ஒரு குடை வைத்துக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது, 1979-ல்தான் வந்தது. தமிழ்நாடு அந்தச் சோதனையில் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தரைவழி ஒளிபரப்பாகத் தொடங்கியது.

சைட் டிவிகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம், ஊராட்சிக் கட்டடம் போன்ற இடங்களில்தான் வைக்கப்பட்டன. எல்லோரும் வந்து பார்க்கலாம் என்பதே நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பள்ளிக்கூடத் திண்ணையில் யார் எங்கே உட்கார்வது என்பதை 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து யாரும் மாற்றிவிட முடியாது.

அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. பீஜ் என்ற சிற்றூரில் ஒரு சிறிய ஒளிபரப்பி. பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் டிவிகள். அந்த மாவட்டத்தின் கதையை அந்த மாவட்டத்தின் மொழியிலேயே சொல்வார்கள். தீண்டாமையும் குறைந்தபட்சக் கூலியும்கூட நிகழ்ச்சியாயின. 1984-ல் யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. 1985-ல் மூடப்பட்டது. பரிசு வாங்கிய ஒரு மாவட்டத் தொலைக்காட்சியை அடுத்த ஆண்டே மூடிய நாடு நம்முடையது. கூலியைப் பற்றிப் பேசும் டிவி யாருக்குத் தேவைப்பட்டது, யாருக்குத் தேவைப்படவில்லை என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டுக் கூரையில் தனிக் குடை என்ற பழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்ட் 1976-ல் தன் வீட்டில் தானே ஒரு குடையைக் கட்டி, கேபிள் நிறுவனங்களுக்காக அனுப்பப்பட்ட எச்.பி.ஓ. படங்களைப் பிடித்துவிட்டார். மனிதர் நேர்மையானவர், பார்த்ததற்குக் கட்டணமாக 100 டாலர் காசோலையை நிறுவனத்துக்கு அனுப்பினார். 'நாங்கள் கேபிள் நிறுவனங்களோடு மட்டும்தான் கணக்கு வைத்துக்கொள்வோம், தனிநபரிடம் வாங்க மாட்டோம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1979-ல் ஒரு பெரிய கடையின் கிறிஸ்துமஸ் விலைப்பட்டியலில் வீட்டுக் குடையின் விலை 36,500 டாலர். அதே ஆண்டு உரிமம் தேவையில்லை என்று அமெரிக்க அரசு தளர்த்தியது. விலை விழுந்தது. கேபிள் போகாத பண்ணை வீடுகளின் தோட்டத்தில் எல்லாம் பெரிய பெரிய குடைகள் முளைத்தன.

கொஞ்ச காலம்தான். 1986 ஜனவரியில் எச்.பி.ஓ. தன் படங்களைப் பூட்டியது. அதாவது, அலை எல்லார் கூரைக்கும் வரும். பணம் கட்டி, பெட்டி வாங்கி, பெட்டிக்குள் சாவி வந்தால்தான் படம் தெரியும். இன்று நம் வீட்டு செட்டாப் பாக்ஸில் ரீசார்ஜ் முடிந்த நள்ளிரவில் திரை கறுப்பது அந்த 1986-ன் வாரிசு. பிறகு அலைவரிசையின் அதிர்வெண் உயர்ந்தது, செயற்கைக்கோளின் சக்தி கூடியது, குடை சுருங்கியது. 10 அடியில் இருந்தது 1994-ல் அமெரிக்காவில் 18 அங்குலம் ஆயிற்று. ஒரு ஆள் தோளில் தூக்கிவந்து ஏணியில் ஏறி மாட்டிவிடும் அளவு.

இந்தியாவில் 1991-ல் வளைகுடாப் போரும், ஆசியாசாட் செயற்கைக்கோள் வழியே ஸ்டார் டிவியும் வந்தபோது அந்தப் பெரிய குடையை வாங்க எங்களில் யாரிடமும் பணம் இல்லை. ஊரில் காசுள்ள ஒருவர் வாங்கினார். தன் மாடியில் வைத்தார். அங்கிருந்து வீடு வீடாக வயர் இழுத்தார். அவரே கேபிள்காரர் ஆனார். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும் அந்த வயருக்குத் தமிழ்நாட்டில் கிராக்கி ஏறியது. (அது அம்பேத்கர் பிறந்த நாளும்கூட, எங்களைத் தவிர யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.) குடை எல்லோருக்குமானது என்றார்கள், நம் ஊர்களில் அது முதலில் ஒருவர் மாடியில் ஏறி நின்று, மற்றவர்களுக்கு வயராகத்தான் இறங்கியது. டிராக்டர், மோட்டார், நெல் அரவை மில், கந்துவட்டி ஆகியவற்றோடு கேபிளும் ஒரே வீட்டில் சேர்ந்தது.

கேபிள்காரர்கள் எல்லோரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. காலனிக்கு முதல் நாளே இணைப்புக் கொடுத்தவர்கள் உண்டு, இரண்டு மாத பாக்கிக்கும் கண்டுகொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் வயர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் காலனி. படம் புள்ளி புள்ளியாய்த் தெரிவதும் காலனியில்தான். பழுது பார்க்க ஆள் வருவதும் கடைசியில்தான். ஊரில் ஏதாவது தகராறு என்றால் டீக்கடை சாத்தப்படும், வயல் வேலை நிற்கும், கூடவே வயரும் அறுபடும். ஒரு காதல் கல்யாணத்துக்கோ ஒரு கொடிக்கம்பத்துக்கோ தண்டனையாக மொத்தத் தெருவும் இருட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

சின்னக் குடை இந்தியாவுக்கு இன்னும் முன்னதாகவே வந்திருக்க வேண்டும். 1997-ல் மத்திய அரசு ஓர் அறிவிக்கையில் அதைத் தடை செய்தது. நாட்டின் பாதுகாப்பு, பண்பாடு என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். 2000 நவம்பரில்தான் தடை நீங்கியது. 2003-ல் முதல் தனியார் டி.டி.எச்., 2004 டிசம்பரில் மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் 'டிடி டைரக்ட் பிளஸ்' (இன்றைய டிடி ஃப்ரீ டிஷ்), 2007 இறுதியில் சன் டைரக்ட். இடையே 2006 செப்டம்பர் முதல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி. 5 ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுக்கப்பட்டன. ஜன்னல் கம்பி பிடித்து நின்ற தலைமுறையின் வீட்டுக்குள், ஒரு 14 அங்குலப் பெட்டியும் தலைக்கு மேல் ஒரு குடையும் ஒரே காலத்தில் வந்தன. இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கியது என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. யார் வாசலிலும் நிற்காமல் படம் பார்ப்பது சோம்பேறித்தனம் ஆகாது.

அது எத்தனை பேர் கண்ணை உறுத்தியது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் போலீஸ் நுழைந்தபோது அங்கே நொறுக்கப்பட்டவை எவை? டிவி, மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் எந்திரம், வேளாண் கருவிகள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும், வெளிநாட்டு வேலைக்கு வைத்திருந்த பாஸ்போர்ட்டும் கிழித்து எரிக்கப்பட்டன. வளைகுடாவுக்குப் போய் உழைத்து வாங்கிய பொருள்கள் அவை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டபோதும், பல ஆண்டு பெங்களூரு உழைப்பில் சேர்த்த வீட்டுச் சாமான்கள்தான் சாம்பலாயின. குடிசையாகவே இருந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்குமா என்று நாங்கள் பலமுறை யோசித்ததுண்டு. நம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் எங்கள் பிள்ளைகள் நுழைந்ததற்காக அடிபட்டார்கள்; 2023 ஜூனில் கோயிலுக்கே அரசு சீல் வைத்தது. ஒரே செயற்கைக்கோளைப் பார்த்து ஒரே கோணத்தில் நிற்கும் குடைகள் இரு பக்கமும் இருக்கும் காலத்தில்தான் இது நடந்தது.

ஆகவே வானத்துக்குச் சாதி தெரியாது என்றெல்லாம் நாங்கள் கவிதை எழுதப் போவதில்லை. குடை ஒரு வேலையைச் செய்தது: ஊர் கையிலிருந்த ஒரு சுவிட்சைப் பிடுங்கியது. அது சின்ன வேலை இல்லை. ஆனால் அந்தச் சுவிட்ச் இப்போது ரீசார்ஜ் வடிவில் வேறொருவர் கையில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மறுபடி தொடங்கியபோது மாதம் 70 ரூபாய். 2019-ல் டிராய் கொண்டுவந்த புதிய முறையில் 100 அலைவரிசைகளுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் விரும்பிய கட்டண அலைவரிசைக்குத் தனி விலை. நடவு, களை இல்லாத மாதங்களில், நூறு நாள் வேலைக் கூலியும் வந்து சேராதபோது, முதலில் நிற்பது இந்த ரீசார்ஜ்தான். துருப்பிடித்த குடைகளில் பாதி இப்போது வெறும் குடைகள். மழைத் தண்ணீர் தேங்குகிறது, காக்கை உட்காருகிறது.

மாதக் கட்டணமே இல்லாத ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2,000 ரூபாய்க்குள் குடையும் பெட்டியும் வாங்கிவிட்டால் அப்புறம் ஒரு பைசா கிடையாது. வட மாநிலங்களில் ஏழை வீடுகளின் டிவியே அதுதான். அதில் இடம்பிடிக்கத் தனியார் அலைவரிசைகள் ஏலம் எடுக்கின்றன. எடுப்பவை பெரும்பாலும் இந்தி அலைவரிசைகள். தமிழ் வீடுகளில் மாலையில் ஓடும் பெரிய பொழுதுபோக்கு அலைவரிசைகள் அதில் கிடைப்பதில்லை. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழும் இன்னும் சிலவும்தான் நமக்கு. ஏழைக்கு இலவச வானம் இந்தியில் இருக்கிறது, தமிழில் இல்லை. இந்தித் திணிப்பைப் பற்றி மேடை போடுகிறவர்கள் இதையும் ஒருநாள் பேசினால் எங்கள் காலனிகளுக்கு உபயோகமாக இருக்கும்.

கல்வித் தொலைக்காட்சியின் கதையையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட அது அரசு கேபிளில் 200-ஆம் எண்ணில் வந்தது. நல்ல முயற்சி. மறு ஆண்டே கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது அதுதான் வகுப்பறை ஆயிற்று. ஆனால் கேபிள் வயர் வராத தெருவில், அல்லது கேபிளை வெட்டிவிட்டுக் குடைக்கு மாறிய வீட்டில், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? தனியார் அலைவரிசைகள் ஒதுக்கிய சிறிது நேரத்தையும் யூடியூபையும் நம்பியிருக்க வேண்டும். யூடியூபுக்கு அப்பாவின் போன் வேண்டும், அப்பா வேலைக்குப் போயிருப்பார். வயர் எந்தத் தெருவரை போயிருக்கிறது என்பது கேளிக்கைச் சமாச்சாரம் இல்லை என்று அந்த இரண்டு ஆண்டுகள் எங்களுக்குக் காட்டின.

திரைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அடுத்தது. 2019-ல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வில், இந்தியச் செய்தி நிறுவனங்களில் பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 முன்னேறிய சாதியினரிடம். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. கட்சிக்கு ஒரு டிவி என்று பெருகிய தமிழ்நாட்டில் எங்கள் தரப்புக்கு வெளிச்சம் தொலைக்காட்சி இருக்கிறது; நாகபுரியிலிருந்து லார்டு புத்தா டிவி வருகிறது. விளம்பரம் கொடுப்பவர் இல்லாமல் இவை படும் பாடு தெரிந்ததே. அமெரிக்காவில் 1980 ஜனவரியில் கறுப்பர்களுக்காக 'பி.இ.டி.' தொடங்கியபோது வாரத்துக்கு இரண்டே மணி நேரம்தான் செயற்கைக்கோளில் இடம் கிடைத்தது. 1991-ல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்த முதல் கறுப்பர் நிறுவனம் ஆனது அது. பிறகு ஒரு பெரிய குழுமத்துக்கு விற்கப்பட்டுவிட்டது, அது வேறு வருத்தம். இரண்டு மணி நேரத்திலிருந்து தொடங்கலாம் என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். டிடி தமிழில் தினம் அரை மணி நேரம் ஆதிதிராவிடர் மாணவர் விடுதி, கல்வி உதவித்தொகை, தாட்கோ கடன், வன்கொடுமை வழக்கு நிவாரணம் பற்றி எங்கள் பிள்ளைகளே தயாரித்து வழங்க என்ன தடை? செயற்கைக்கோள் அரசுடையது, அலைவரிசையும் அரசுடையது.

சட்டம் ஒன்று கையில் இருப்பதையும் எங்கள் மக்கள் அறிய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்து 2016 ஜனவரி 26 முதல் அமலான திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றம் என்கிறது. காசு கொடுத்துப் பெறும் சேவையைச் சாதியை வைத்து மறுப்பதும் அந்தப் பொருளாதாரப் புறக்கணிப்புக்குள் வரும். டீக்கடைக்கும் சலூனுக்கும் மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். தகராறு வந்தது என்பதற்காகக் காலனி இணைப்பை மொத்தமாக அறுத்தால் கேபிளுக்கும் இது பொருந்தும். எத்தனை நாள் வயர் இல்லை, எத்தனை வீடு, யாரிடம் பணம் கட்டிய ரசீது என்று எழுதிவைத்துப் புகார் கொடுங்கள். ரசீது கேட்டு வாங்கும் பழக்கமே நம்மிடம் இல்லை. அதை இன்றே தொடங்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரசு கேபிள் வயர் எந்தெந்தக் காலனிகளுக்கு இன்னும் போகவில்லை என்று ஊராட்சி வாரியாக ஒரு பட்டியல் வேண்டும். புதிதாக உள்ளூர் கேபிள் உரிமம் கொடுக்கும்போது காலனிகளில் இருக்கும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்த பிள்ளைகளுக்கு முன்னுரிமை வேண்டும். முதலீட்டுக்குத் தாட்கோ கடனைச் சேர்த்துக் கொடுக்கலாம். கல்வித் தொலைக்காட்சி எந்தக் குடையிலும் காசில்லாமல் தெரிய மாநில அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதுவரை ஒரு தகவல். ரீசார்ஜ் நின்றுபோன குடையைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். டிடி ஃப்ரீ டிஷ் வருவது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. நம் மாவட்டத்தில் அது தென்கிழக்கில், தலைக்கு மேலே நன்றாக உயரத்தில் இருக்கிறது. உங்கள் பழைய குடையையே அந்தப் பக்கம் சற்றுத் திருப்பி, கட்டணமில்லா செட்டாப் பாக்ஸ் ஒன்றை மட்டும் வாங்கி இணைத்தால் போதும். காலனியில் டிஷ் மாட்டத் தெரிந்த பிள்ளை ஒருவன் நிச்சயம் இருப்பான், அரை மணி நேர வேலை. அவனுக்குக் கூலி கொடுத்துவிடுங்கள்.